வெண்ணெய் மணக்கும் ஷார்டனே: இதுவரை ருசித்ததில்

வெள்ளை ஒயினில் எனக்கு வேண்டியது வாய் நிறையும் கனமும் கொஞ்சம் வெண்ணெய் வாசமும். கடையில் கேட்டால் ஷார்டனே வாங்குங்கள் என்பார்கள். அது பாதிப் பதில்தான். அந்தத் திராட்சைக்கென்று தூக்கலான மணம் இல்லை. ருசியில் பெரும்பங்கு, சாறு பிழிந்த பிறகு நடக்கும் வேலையில் வருகிறது. நாக்கிலேயே தெரிந்துகொள்ள ஒரே மாலையில் பிரான்சின் பர்கண்டி பகுதியிலுள்ள ஷாப்ளி, மெர்ஸோ, கலிபோர்னியாவின் கார்னெரோஸ் என்று மூன்று ஊர் ஷார்டனேக்களை அடுத்தடுத்து ஊற்றிப் பார்த்தேன்.

ஷாப்ளியில் எலுமிச்சை, பச்சை ஆப்பிள், நல்ல புளிப்பு. நான் வாங்கியது எஃகுத் தொட்டியில் வளர்ந்தது. அருமையான ஒயின், நான் தேடுவது அல்ல.

கார்னெரோஸ் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதுமே வெண்ணெய். ஈஸ்ட் சர்க்கரையை முடித்தபின் ஈனோகாக்கஸ் ஈனி என்ற பாக்டீரியா, கூரான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது; இதற்குத்தான் மாலோலாக்டிக் மாற்றம் என்று பெயர். அப்போது டைஅசிட்டைல் உண்டாகிறது; வெண்ணெயில் மணப்பதும் அதேதான். கூடவே வந்த வனிலா வாசம் ஓக் பீப்பாயுடையது. இந்த இரண்டையும் பிரித்து முகரப் பழகினால் தேடல் பாதி முடிந்த மாதிரி. எனக்கு வனிலா கொஞ்சம் அதிகம்.

மெர்ஸோதான் மனதில் நின்றது. பர்கண்டியின் 228 லிட்டர் பீப்பாயில், அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலோடு மாதக்கணக்கில் வைப்பார்கள். சிலர் அவ்வப்போது கிளறியும் விடுவார்கள். வண்டல் ஒயினுக்குத் திரட்சி தருகிறது, டைஅசிட்டைலைக் குறைக்கவும் செய்கிறது. அதனால் வாசம் அடங்கி, ஹேசல்நட் ருசியும் கனமும் முன்னே வந்தன. எனக்கு வேண்டியது வாசத்தைவிட இந்தக் கனம்தான் என்று அன்றைக்குத் தெளிவானது.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு ஊற்றாதீர்கள் என்று சொல்ல நினைத்தேன், சூடு எங்கே, சில்லிப்புதான் பிரச்சினை! அதில் மணம் பூட்டிக்கொள்கிறது. வெளியே வைத்து 12 டிகிரி அளவுக்கு வந்தபின் அதே ஒயினின் மணம் நன்றாக விரிந்தது.

கலிபோர்னியா என்றாலே வெண்ணெய் என்றும் எண்ண வேண்டாம். 1976 பாரிஸ் போட்டியில் வெள்ளை ஒயின்களில் முதலிடம் பெற்ற ஷாட்டோ மாண்டெலீனா ஒயின் ஆலை கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கைச் சேர்ந்தது. அவர்களுடைய ஷார்டனே மாலோலாக்டிக் மாற்றத்தைத் தவிர்த்துச் செய்யப்படுவது. ஆகவே கடைக்காரரிடம் ஊரைக் கேட்பதோடு நிற்காமல் மாலோலாக்டிக் உண்டா, புதுப் பீப்பாயா, வண்டலில் எத்தனை மாதம் என்றும் கேட்கிறேன். நல்ல கடையில் ஆர்வமாகவே சொல்கிறார்கள்.

மெர்ஸோ விலை அடிக்கடி வாங்கும்படி இல்லை. அடுத்து தெற்கு பர்கண்டியின் புய்யி ஃப்யூசே, வெண்ணெயில் வதக்கிய நண்டோடு.