தங்கச்சிமடத்துக் கருவாடு கூகுளுக்கு வந்த வழி

தங்கச்சிமடத்தில் என் சித்தி நடத்தும் கருவாட்டுக் கடைக்கு ரொம்ப நாளாகவே இணையதளம் உண்டு. வெளியூர் நிறுவனம் ஒன்று செய்து கொடுத்தது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் கடையின் முழுப் பெயரைத் தட்டினாலும் கூகுளில் வராது. ஆர்டர் எல்லாம் பழைய வாடிக்கையாளர்களின் போனில் வந்ததுதான். மற்றபடி பாம்பன் பாலம் தாண்டி வரும் வண்டிகள் கடை முன்னால் நின்றால் அன்றைக்கு வியாபாரம். அந்தத் தளத்தைத் தேடலில் தெரிய வைக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். மண்டபத்திலிருந்து தொண்டி வரை கருவாடு, கருப்பட்டி, ஓலைப்பெட்டி, முண்டு மிளகாய் என்று விற்கிற பலர் இதே நிலையில் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தளம் கூகுளின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேடல் பெட்டியில் சைட் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தள முகவரியைப் போட்டால் பட்டியலில் உள்ள பக்கங்கள் வரும். எங்களுக்கு ஒன்றுமே வரவில்லை. காரணம் தெரிய கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்க்க வேண்டும். நம் தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று தள உரிமையாளருக்குக் காட்டும் கருவி அது, இலவசம். தளம் நம்முடையது என்று காட்ட, டொமைன் (தளத்தின் பெயர் முகவரி) வாங்கிய கணக்கில் டிஎக்ஸ்டி ரெக்கார்டு என்ற ஒரு வரிக் குறியீட்டைச் சேர்க்கச் சொல்லும். அங்கேதான் முதல் முட்டுக்கட்டை. டொமைன் அந்த நிறுவனத்தின் பெயரில் இருந்தது, சித்தியின் பெயரில் இல்லை. பணம் கட்டியது சித்தி, உரிமை அவர்களிடம். போன், மின்னஞ்சல், திரும்பப் போன் என்று இழுத்தடித்துத்தான் மாற்றி வாங்க முடிந்தது. இணையதளம் செய்யக் கொடுக்கும் யாரும் டொமைன் தங்கள் பெயரில், தங்கள் மின்னஞ்சலில் பதிவாகிறதா என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

கன்சோலில் சேர்த்ததும் காரணம் தெளிவாகவே எழுதியிருந்தது: நோஇண்டெக்ஸ். தளத்தைக் கட்டப் பயன்படுத்திய வேர்ட்பிரஸ் மென்பொருளின் செட்டிங்ஸில் ரீடிங் என்ற பக்கத்தில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று சொல்லும் கட்டம் ஒன்று உண்டு. தளத்தைக் கட்டி முடிக்கும் வரை அதில் டிக் போட்டு வைப்பார்கள், திறக்கும்போது எடுத்துவிட வேண்டும். செய்தவர்கள் எடுக்கவே இல்லை. கடையைத் திறந்து வைத்து ஷட்டரை மட்டும் இறக்கிவிட்டது போல அத்தனை காலமும் கிடந்திருக்கிறது. டிக்கை எடுத்து, தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப் கோப்பைக் கொடுத்து, முக்கியமான பக்கங்களை மட்டும் கன்சோலில் உள்ள யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் போட்டுப் பட்டியலிடக் கேட்டேன். கொஞ்ச நாளில் கடைப் பெயருக்குத் தளம் வர ஆரம்பித்தது.

இந்தச் சமயத்தில் அதே நிறுவனம் மாதக் கட்டணத்துக்கு ஒரு திட்டத்தை நீட்டியது. முப்பது நாளில் முதல் பக்கம், ஆயிரக்கணக்கான பேக்லிங்க் (மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு) என்று பேச்சு. சித்திக்கு ஆசை வந்துவிட்டது. கூகுளில் முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருப்பதைக் காட்டினேன். தரவரிசைக்காக லிங்க் விலைக்கு வாங்குவதும் கூகுள் விதிப்படி ஸ்பாம், அதாவது ஏமாற்று வேலை. அந்த நிறுவனத்தார் எங்கள் தளத்தில் ஏற்கெனவே செய்து வைத்திருந்தது என்ன என்று பார்த்தால், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் தேடல் சொற்களை எழுதி வைக்கும் கீவேர்ட்ஸ் மெட்டா டேக்கில் ஒரு முழம் நீளத்துக்கு வார்த்தைகளைத் திணித்திருந்தார்கள். அந்த டேக்கைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009-லேயே கூகுள் அறிவித்துவிட்டது. மாதப் பணத்தை அதற்குக் கொடுப்பதைவிட நல்ல வலைத்தட்டு வாங்கிக் கருவாடு காயப்போடலாம் என்று சித்தி முடிவு செய்தார்.

பட்டியலில் சேர்ந்தால் போதாது. யாரோ மதுரையில் கருவாடு தேடும்போது நாம் வர வேண்டும். எங்கள் தளத்தில் அப்போது என்ன இருந்தது? ‘உயர்தரமான கருவாடு, நியாயமான விலை’ என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே வரி. எந்தக் கடையின் பெயரைப் போட்டாலும் பொருந்துகிற வரி. அதனால் கடையில் உட்கார்ந்து, போனில் ஆட்கள் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். அந்த நோட்டுதான் இந்த முயற்சி முழுவதிலும் விலைமதிப்புள்ள பொருள்.

அதிகம் வந்த கேள்வி மணலைப் பற்றி. “மணலு இருக்குமான்னுதான் எல்லாரும் மொதல்ல கேக்குறாக” என்று சித்தி பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். கடற்கரை மணலில் நேரடியாகக் காயப்போட்ட கருவாட்டை வாங்கி நொந்தவர்களின் கேள்வி அது. சித்தி வீட்டில் தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய வலையில்தான் காயப்போடுகிறார்கள். ஆனால் தளத்தில் எங்கேயும் இது இல்லை! அடுத்து உப்பு எவ்வளவு, எத்தனை நாள் கெடாது, ஃபிரிட்ஜில் வைக்கலாமா, மருந்து அடிப்பீர்களா, பார்சலில் வாடை வெளியே வருமா, அப்பார்ட்மென்டில் வாங்கினால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாரா.

ஒவ்வொரு கருவாட்டுக்கும் தனிப் பக்கம் போட்டு, சித்தி போனில் சொல்லும் பதிலையே எழுதினேன். நெத்திலி நல்ல வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். சீலாவைக் கீறி, உப்பிட்டு வைத்து, அப்புறம்தான் காயப்போட முடியும், நாளும் கூடுதல். அதனால் ஒன்றில் உப்பு குறைவு, மற்றொன்றில் கூடுதல். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் எதையும் வெந்நீரில் ஊறவைத்து அலசி, அளவாகச் சாப்பிடுவது நல்லது. கருவாட்டின் மேல் இளஞ்சிவப்பாகப் படிந்திருந்தால் அது உப்பில் வளரும் நுண்ணுயிரி, அதை வாங்கக் கூடாது, எங்களிடமிருந்து அப்படி வந்தால் திருப்பி அனுப்புங்கள் என்றும் எழுதினோம். இதை எழுதலாமா, ஆட்கள் பயப்படுவார்களே என்று வேலை செய்யும் அக்கா ஒருவர் தயங்கினார். சித்திதான் எழுதச் சொன்னார். இப்போது தேடலிலிருந்து வருபவர்கள் அதிகம் படிக்கும் பக்கங்களில் அதுவும் ஒன்று. கருவாடு வாங்குகிறவருக்குச் சந்தேகம் இயல்பு. அதற்கு நேராகப் பதில் சொல்பவரிடம்தான் முகம் தெரியாமல் பணம் அனுப்புவார்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண்ணையும் எல்லாப் பக்கத்தின் அடியிலும் போட்டோம்.

மீன் பெயரில் ஒரு கவனம் தேவைப்பட்டது. எங்களுக்குச் சீலா, சென்னைக்காரருக்கு வஞ்சிரம், கன்னியாகுமரிப் பக்கம் நெய்மீன். பக்கத்தின் தலைப்பில் சீலாவும் வஞ்சிரமும், முதல் பத்தியில் நெய்மீனும் வரும்படி எழுதினேன். நிறையப் பேர் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுகிறார்கள் என்பது கன்சோலின் பெர்ஃபாமன்ஸ் அறிக்கையில் தெரிந்தது. அதனால் பக்க முகவரியிலும் படத்தின் விளக்க வரியிலும் ஆங்கில எழுத்தில் பெயர் இருக்கும்படி செய்தேன். அதற்கு மேல் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப அடுக்குவது வீண். படிப்பவருக்கு எரிச்சல், கூகுளுக்கும் அது பிடிக்காது.

படங்கள் பற்றிச் சுருக்கமாக. போனில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருந்தார்கள், ஒவ்வொன்றும் பல எம்பி. வெப்பி (WebP) என்ற, இடம் குறைவாகப் பிடிக்கும் பட வடிவத்துக்கு மாற்றி அளவைக் குறைத்தேன். பக்கத்தின் பெரிய பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் முகவரியைப் போட்டால் எது தாமதப்படுத்துகிறது என்று சொல்லிவிடும். கூகுள் இப்போது தளத்தின் மொபைல் வடிவத்தைத்தான் படிக்கிறது. கணினியில் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் நின்று சாதாரண போனில் திறந்து பார்ப்பது மேல்.

பருவம்தான் எங்கள் தொழிலில் எல்லாமே, தேடலிலும் அப்படித்தான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. பச்சை மீன் வரத்து குறைந்து விலை ஏறும், கருவாட்டைத் தேடுவார்கள். தடைக்காலம் தொடங்கிய பிறகு பக்கம் எழுதினால் அந்தப் பருவத்துக்கு உதவாது. சில மாற்றங்கள் தேடலில் தெரியப் பல மாதம்கூட ஆகலாம் என்று கூகுளே சொல்கிறது. எங்கள் தடைக்காலப் பக்கத்தைப் பொங்கல் முடிந்த கையோடு எழுதிவிட்டோம்.

இதற்கு நேர் எதிர் புரட்டாசி. கன்சோலில் கிளிக் கோடு சரிந்ததும் வீட்டில் ஒரே பதற்றம். கூகுள் நம்மைத் தூக்கிவிட்டதோ என்று சித்தி மகன் கேட்டான். தரவரிசை இருந்த இடத்திலேயே இருந்தது. தேடும் ஆட்கள்தான் குறைந்திருந்தார்கள், ஏனென்றால் பாதி வீடுகளில் கவிச்சி கிடையாது. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் வீட்டிலும் அதே கதை. கன்சோல் 16 மாதத் தரவை வைத்திருக்கும், அதனால் போன வருடப் புரட்டாசியோடு இந்தப் புரட்டாசியை ஒப்பிடலாம். போன மாதத்தோடு ஒப்பிட்டுப் பயந்துபோய்த் தளத்தைக் கலைத்துவிடக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கருவாடு காயாது, சில வகைகள் தீர்ந்துவிடும். முன்பெல்லாம் தீர்ந்த பொருளின் பக்கத்தையே அழித்துவிடுவார்கள். இப்போது பக்கம் அப்படியே இருக்கும், ‘இருப்பு இல்லை, வெயில் வந்ததும் வரும்’ என்ற வரியும் வாட்ஸ்அப் எண்ணும் மட்டும் சேரும். அழித்துவிட்டு மறுபடி போட்டால் அந்தப் பக்கம் சேர்த்த நற்பெயர் போய் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

கடைக்கு நேரில் வருபவர்களைக் கூட்டியது தளமே இல்லை, கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் கடை விவரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல்தான். வரைபடத்தில் கடையின் புள்ளி வேறு ஏதோ தெருவில் குத்தியிருந்தது. அதைச் சரிசெய்து, வகையைச் சரியாகத் தேர்ந்தெடுத்து, திறக்கும் நேரம், கடை வாசல், வண்டி நிறுத்தும் இடம் எல்லாவற்றுக்கும் படம் போட்டோம். பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் வைத்துத்தான் உள்ளூர்த் தேடலில் யாரைக் காட்டுவது என்று கூகுள் முடிவு செய்கிறது. தூரத்தை நாம் மாற்ற முடியாது, மற்ற இரண்டும் நம் கையில். ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, தரிசனம் முடித்து, தனுஷ்கோடி பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் தீவைத் தாண்டுவதற்கு முன் போனில் தேடுவார்கள். அந்த நேரத்தில் கடை திறந்திருக்கிறதா என்பதைச் சரியாகக் காட்டினாலே வண்டி நிற்கும். ரிவியூ எழுதினால் ஒரு பாக்கெட் நெத்திலி இலவசம் என்று போர்டு வைக்கலாமா என்று கேட்டார்கள். அது கூகுள் கொள்கைக்கு விரோதம், நியாயமும் இல்லை. பில் கொடுக்கும்போது வாயால் கேட்கிறோம், அவ்வளவுதான். குறை சொல்லி எழுதியவர்களுக்குச் சித்தியே பதில் சொல்கிறார், நான் தட்டித் தருகிறேன்.

பாம்பன் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தபோது, பாலத்தைப் பற்றிப் பக்கம் எழுதினால் கூட்டம் அள்ளும் என்று நண்பர்கள் சொன்னார்கள். அள்ளியிருக்கலாம். ஆனால் பாலத்தின் நீளத்தைத் தேடி வருகிறவர் கருவாடு வாங்க வருபவர் இல்லை. வேண்டாம் என்று விட்டுவிட்டேன், அதில் எனக்கு வருத்தமும் இல்லை. மாறாக, எங்களிடம் வாங்கிச் சமைத்து வீடியோ போட்டவர்களிடம் கீழே தள முகவரியைச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். சிலர் சேர்த்தார்கள். இயல்பாகக் கிடைக்கும் அந்த இணைப்புகளுக்குத்தான் மதிப்பு.

விளம்பரத்துக்கு அதிகம் செலவழிக்கவில்லை. தடைக்காலத்தில் மட்டும், மதுரை, கோவை, சென்னைக்கு மட்டும் கூகுள் விளம்பரம் போட்டோம். ‘செய்வது எப்படி’, ‘குழம்பு’ போன்ற சொற்களை நெகட்டிவ் கீவேர்டாக, அதாவது இவற்றைத் தேடினால் விளம்பரம் காட்ட வேண்டாம் என்று, போடாவிட்டால் சமையல் குறிப்புத் தேடுபவர்கள் கிளிக் செய்தே பணம் கரைந்துவிடும்.

இப்போது கருவாடு தேடுகிறவர்களுக்கு எல்லா நேரமும் நாங்கள் முதலில் வருவதில்லை. பெரிய விற்பனைத் தளங்கள் மேலே இருக்கின்றன. ஆனால் மணல் இல்லாத நெத்திலி, உப்புக் குறைந்த சீலா என்று குறிப்பாகத் தேடினால் வருகிறோம், அப்படித் தேடி வருபவர் பெரும்பாலும் வாங்கிவிடுகிறார். புது எண்ணிலிருந்து வரும் அழைப்புகள் முன்பைவிட அதிகம். மணல் கேள்வி குறைந்து, நேராக எத்தனை கிலோ, எப்போது அனுப்புவீர்கள் என்று ஆரம்பிக்கிறார்கள். டொமைன், கன்சோல், பிசினஸ் புரொஃபைல் மூன்றும் சித்தியின் மின்னஞ்சலில் இருக்கின்றன. வாராவாரம் அறிக்கையைப் பார்ப்பது சித்தி மகனின் பொறுப்பு. அடுத்து சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து கேட்பவர்களுக்கு அங்கே எதைக் கொண்டுபோகலாம் என்ற விதிகளைச் சரிபார்த்து ஒரு பக்கம் எழுத வேண்டும். நோட்டில் அந்தக் கேள்விதான் இப்போது மேலே இருக்கிறது.