பெர்மிட் காணாது, முத்திரையும் காணாது

வெளிநாட்டு நிதியில் யாழ்ப்பாணத்தில் எழும்பும் கட்டடத்துக்குக் கதவு நிலையும் கூரைமரமும் கொடுக்கும் வேலை. கேள்விப்பத்திரத்தில் பிரித்தானிய அரசு 2009 ஏப்ரலிலிருந்து பின்பற்றும் மரக் கொள்வனவு விதியை அப்படியே வைத்திருந்தார்கள். மரம் சட்டப்படி வெட்டியதாகவும் காட்டை அழிக்காமல் எடுத்ததாகவும் இருக்கவேண்டும். இல்லையென்றால் பிளெக்ட் (FLEGT) உரிமம், அதாவது சட்டப்படி எடுத்த மரம் என்று ஏற்றுமதி செய்யும் நாடு கொடுக்கும் பத்திரம், அல்லது மீள்பாவனை மரம். விலைமனு ஒரு நாளில் முடிந்தது. மரத்தின் கடதாசிதான் ஆறு கிழமையைத் தின்றது.

முதலில் முதிரை திரும்பி வந்தது. வன்னியிலிருந்து பெர்மிட்டோடு வந்த மரம்தான். ஆனால் பெர்மிட் சட்டத்துக்கு மட்டுமே சாட்சி, காட்டைப் பராமரிக்கிறார்களா என்பதற்கு அல்ல.

பிளெக்ட்டைத் தேடி அலையாதேங்கோ. இந்தோனேசியா 2016 முதல் கொடுக்கிறதுதான், ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் பிரித்தானியாவுக்கும் போகிற சரக்குக்கு. கொழும்பில் இறங்கும் மரத்தோடு அது வராது.

அடுத்தது மெரந்தி. கட்டிவந்த பலகைகளின் மேல், காட்டைப் பராமரித்து எடுத்த மரத்துக்கான எஃப்எஸ்சி (FSC) முத்திரை பளிச்சென்று இருந்தது. இறக்குமதியாளரிடம் சான்றிதழ் உண்டு, இடையில் வாங்கி விற்ற மரக்காலைக்கு இல்லை. சரக்கை வாங்கி விற்கும் ஒவ்வொருவரிடமும் இருக்கவேண்டும், ஒரு கை தவறினாலும் சங்கிலி அறுந்துவிடும். இறக்குமதியாளரின் சான்றிதழைப் போட்டோக்கொப்பி எடுத்துத் தந்து "இது காணும் தம்பி" என்றார் மரக்காலைக்காரர். காணவில்லை.

நேரே இறக்குமதியாளரிடம் வாங்கியும் இன்வொயிஸ் ஒருமுறை திரும்பியது. முத்திரையிலுள்ள 'சி' எழுத்தும் ஆறு இலக்கமும் சின்னம் பாவிக்கும் உரிமத்தின் இலக்கம். இன்வொயிஸில் வரவேண்டியது 'சிஓசி' என்று நடுவில் உள்ள சான்றிதழ் இலக்கம், கூடவே அந்தந்தப் பொருளின் வரியில் 'எஃப்எஸ்சி 100%' போன்ற வகை. காசு கட்டுமுன் இணையப் பதிவேட்டில் அந்த இலக்கத்தைப் போட்டுப் பாருங்கோ: சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா, நீங்கள் வாங்கும் மரவகை அதில் அடங்குகிறதா என்று. கொங்கிறீற்றுக்கு அடிக்கும் ஷட்டரிங் பலகைக்கும் இதே விதிதான். அதை எல்லாரும் மறப்பார்கள்.

கூரைக்குக் கைகொடுத்தது பனை. இடித்த பழைய வீட்டின் தீராந்தியும் சலாகையும் முன்பு ஒரு கட்டடத்தில் இருந்தவை என்பதால் மீள்பாவனை மரம். மில்லில் மிஞ்சும் துண்டு அந்தக் கணக்கில் வராது. முதல் லோட் கழற்றிய பிறகு படம் எடுத்தது, தள்ளிவிட்டார்கள். அடுத்த வீட்டில் கூரையில் இருக்கும்போதே படம், உரிமையாளரின் கடிதம், எத்தனை சலாகை என்ன நீளம் என்ற பட்டியல். அன்றே ஏற்றார்கள்.

பார்வையிட வருமுன் மரத்தைச் சீவிவிடாதேங்கோ. வந்தவர் முதலில் தேடியது பழைய ஆணி ஓட்டையைத்தான்.