கோபுரத்தின் காது

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணங்களில், செம்பனைக்கு மேலே தலைநீட்டி நிற்கும் கைப்பேசிக் கோபுரத்தைக் காட்டி, "அங்கிள், அது பேசுமா?" என்று தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் கேட்பார்கள். பேசும், ஆனால் அதற்குக் கஷ்டமான வேலை கேட்பதுதான்.

உச்சியில் மூன்று பக்கம் பார்த்தபடி நீளமான வெள்ளைப் பெட்டிகள் இருக்கின்றனவே, அவைதான் ஆண்டெனா. ஒரு பக்கத்துக்கு 120 பாகை. பக்கத்திலேயே ரேடியோ பெட்டி. அது 20, 40 வாட் பலத்தில் அலையை அனுப்பும். அம்மா கையிலுள்ள 4ஜி கைப்பேசிக்கோ பொதுவாக 0.2 வாட்தான். திடலின் அந்தக் கோடியில் ஒருவர் ஒலிபெருக்கியில் கூப்பிட, இந்தக் கோடியிலிருந்து ஒரு பிள்ளை கிசுகிசுவென்று பதில் சொல்வதை நினைத்துப் பாருங்கள். அந்தக் கிசுகிசுப்பு காதில் விழத்தான் ஆண்டெனாவை அவ்வளவு உயரத்தில் வைக்கிறோம்.

"லைன் மூணு கோடு காட்டுது, கூப்பிட்டா போகல" என்பார்கள். கோபுரத்தின் குரல் நமக்கு எவ்வளவு கேட்கிறது என்பதைத்தான் கோடு காட்டும். நம் குரல் அங்கே போய்ச் சேர்ந்ததா என்பது அதில் தெரியாது. இடையில் மேடு இருந்தாலும், நனைந்த செம்பனை மட்டை அலையை உறிஞ்சினாலும் முதலில் தொலைவது கைப்பேசியின் சின்னக் குரல்தான். லைன் குறைந்த லயத்து வீடுகளில் பேட்டரி சீக்கிரம் இறங்குவதும் இதனால்தான். கைப்பேசி முழு பலத்தோடு கத்திக்கொண்டிருக்கிறது.

கேட்ட குரல் எண்களாகி, ஃபைபர் கம்பியில் கீழேயுள்ள பெட்டிக்கு இறங்கும். அங்கிருந்து மண்ணுக்கடியில் ஃபைபர் வழியாகவோ, மத்தளம் போன்ற மைக்ரோவேவ் தட்டு வழியாகவோ வெளியே போகும். எல்லாம் 48 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடும். கரண்டு போனால் சில மணி நேரம் பேட்டரி தாங்கும்.

இவ்வளவையும் கெடுக்க ஒரு துளி தண்ணீர் போதும். ரேடியோவையும் ஆண்டெனாவையும் இணைக்கும் ஜம்பர் கேபிளின் முனையில் நீர் இறங்கினால், போகும் அலையில் ஒரு பங்கு திரும்பிவிடும், வரும் குரலும் மங்கும். அதனால் முனையை இறுக்கியதும் ஓர் அடுக்கு பிவிசி டேப், மூன்று அடுக்கு ரப்பர் டேப், மறுபடி மூன்று அடுக்கு பிவிசி. ஒவ்வொரு மடிப்பும் முந்தியதில் பாதியை மூட வேண்டும். கடைசி அடுக்கைக் கண்டிப்பாகக் கீழிருந்து மேலே சுற்ற வேண்டும். தகரக் கூரையில் மேல்தகரம் கீழ்த்தகரத்தின்மேல் படிவதுபோல அப்போதுதான் மடிப்பு விழும், மழை வழிந்தோடும். மாற்றிச் சுற்றினால் ஒவ்வொரு விளிம்பும் மேல்நோக்கி வாய் திறந்திருக்கும். வெயில் காலத்தில் ஒரு குறையும் தெரியாது. அடைமழை பிடித்த பிறகுதான் அந்தப் பக்கத்து வீடுகளில் லைன் விட்டுவிட்டு வரும்.