துருவ நட்சத்திரம் தெரியாத ஊரில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 5 பாகையில் இருப்பதால், துருவ நட்சத்திரமும் இங்கே அடிவானத்திலிருந்து அவ்வளவே உயரத்தில், எங்கள் தோட்டத்துச் செம்பனை மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. விண்மீன்களைப் படமெடுக்கக் கேமராவைச் சுமந்து வானத்தைப் பின்தொடரும் மோட்டார் தாங்கியின் அச்சு, துருவ நட்சத்திரத்தை ஒட்டி வானமே சுற்றுவதுபோல் தோன்றும் மையப் புள்ளியான வான துருவத்தையே நோக்க வேண்டும் என்பதால், திசைகாட்டியில் வடக்கைப் பிடித்து, சாய்வை 5 பாகைக்கு வைத்து, உச்சியை நெருங்கும் கேட்டை நட்சத்திரம் கேமரா திரையில் வடக்கே நகர்கிறதா தெற்கே நகர்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் திருகைச் சரிசெய்கிறேன். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், கொசுக்கடி வேறு.

ஆனால் 50 மி.மீ. லென்ஸில் பத்து விநாடிக்குள் கோடாக இழுபடத் தொடங்கும் விண்மீன்கள், தாங்கி ஓடும்போது இரண்டு நிமிடமும் புள்ளியாகவே நிற்கின்றன. அதற்குப் பதிலாகச் செம்பனை ஓலைகள் கலங்கிவிடுவதால், அவற்றை மோட்டாரை நிறுத்தித் தனியாக எடுத்துச் சேர்க்கிறேன்.