மண்டலத்தைப் பிரிப்பது மலையா, மனிதர்களா?

புவியியலில் மண்டலங்களை மூன்று வகையாகப் பிரித்துச் சொல்லித் தருவார்கள். ஏதாவது ஒரு பண்பு பரவலாக ஒரே மாதிரி இருந்தால் அது முறைசார் மண்டலம்: ஒரே மொழி பேசும் இடம், ஒரே பயிர் விளையும் இடம், ஒரே சட்டம் செல்லும் மாநிலம். ஒரு மையத்தைச் சுற்றி இயங்கினால் செயல்சார் மண்டலம்: ஒரு துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஊர்கள், ஒரு நகரத்துக்குத் தினமும் வேலைக்கு வந்துபோகும் புறநகர்கள். மூன்றாவது மக்கள் மனதில் இருக்கும் மண்டலம். 'மத்தியக் கிழக்கு' என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் அது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

இந்த மூன்றாவது வகைக்குப் பெரும்பாலும் கடைசியில் ஒரு பத்திதான் கிடைக்கிறது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. முதல் இரண்டையும் கொஞ்சம் தோண்டினால் அடியில் இருப்பது பல நேரம் இதுதான்.

சுவிட்சர்லாந்தின் ஜூராவை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு பேசும் அந்த மலைப்பகுதியின் பெரும்பங்கை 1815-ல் வியன்னா மாநாடு, ஜெர்மன் பேசுவோர் பெரும்பான்மையாக இருந்த பெர்ன் மாநிலத்தோடு சேர்த்துவிட்டது. தனி மாநிலம் வேண்டும் என்ற குரல் வலுத்து 1974-ல் வாக்கெடுப்பு வந்தது. மொழி மட்டும்தான் பிரச்சினை என்றால் மொத்த ஜூராவும் பிரிந்திருக்க வேண்டுமே! கத்தோலிக்கர் அதிகமிருந்த வடபகுதி பிரிந்துபோய் 1979-ல் தனி மாநிலமானது. புராட்டஸ்டன்டுகள் அதிகமிருந்த தென்பகுதி, அதே பிரெஞ்சு, அதே மலைத்தொடர் என்றிருந்தும், பெர்னோடேயே இருந்துவிட்டது. அதோடும் முடியவில்லை, பெர்னில் தங்கிவிட்ட மூட்டியே நகரம் 2021-ல் ஜூராவோடு சேருகிறோம் என்று வாக்களித்தது.

சரி, செயல்சார் மண்டலமாவது சாலையும் வியாபாரமும் சம்பந்தப்பட்டது இல்லையா என்று தோன்றலாம். வார விடுமுறையைப் பாருங்கள். சவுதி அரேபியா 2013-ல் வியாழன், வெள்ளி விடுமுறையை வெள்ளி, சனி என்று மாற்றியது, ஏனென்றால் வெளிநாட்டு வங்கிகளும் சந்தைகளும் திறந்திருக்கும் நாட்களோடு அவர்களுடைய வேலைநாட்கள் சரியாகப் பொருந்தவில்லை. வியாபாரத்துக்காக வியாழன் இடம் மாறியது, தொழுகை நாளான வெள்ளி அசையவில்லை.

பண்பாடு நிலத்தில் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதற்கு என்னைக் கேட்டால் அமெரிக்காவின் யூட்டாவைத்தான் சொல்வேன். 1847-ல் மார்மன்கள் என்ற கிறித்தவ மதப்பிரிவினர் அங்கே குடியேறினார்கள். சால்ட் லேக் சிட்டியில் தெருக்களின் எண்களே மார்மன் கோயில் வளாகத்திலிருந்துதான் தொடங்குகின்றன. 300 தெற்கு, 400 கிழக்கு என்றால் அங்கிருந்து தெற்கே மூன்று கட்டம், கிழக்கே நான்கு கட்டம். பழைய தெருக்கள் 132 அடி அகலம். எந்த மதத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், மதமே இல்லாதவராக இருந்தாலும், அந்த ஊரில் ஒரு வீட்டைத் தேடிப் போகிறவர் கோயிலிலிருந்துதான் எண்ண வேண்டும். டொனால்ட் மைனிக் என்ற புவியியலாளர் 1965-ல் இந்த மார்மன் மண்டலத்தை ஒரே கோட்டுக்குள் அடைக்காமல் மூன்று அடுக்காகப் பிரித்தார்: அடர்த்தியாக வாழ்ந்து எல்லாவற்றையும் நடத்தும் மையப்பகுதி, அடர்த்தி குறைந்தாலும் செல்வாக்கு குறையாத பரப்பு, அப்புறம் சிறுபான்மையாகச் சிதறியிருக்கும் வெளிவட்டம். எனக்குத் தெரிந்து பண்பாட்டு எல்லையை இதைவிட நேர்மையாக வரைய முடியாது.

மனதில் இருக்கும் மண்டலத்தை அளக்க முடியாது என்பார்கள். ஏன் முடியாது? ஜான் ஷெல்டன் ரீட் என்ற சமூகவியலாளர் 1970-களில் டெலிபோன் டைரக்டரிகளை எடுத்துவைத்து, 'டிக்ஸி' (அமெரிக்கத் தென்மாநிலங்களின் செல்லப்பெயர்), 'சதர்ன்' (தெற்கு) என்று பெயர் வைத்த நிறுவனங்கள் ஊருக்கு எத்தனை என்று எண்ணியே அமெரிக்கத் தெற்கின் எல்லையைத் தேடினார். கடைக்குப் பெயர் வைக்கிறவர் தன் ஊர் எங்கே சேர்கிறது என்பதைத் தானாகவே சொல்லிவிடுகிறார், அருமையான யோசனை.

அந்த டிக்ஸி யூட்டாவிலும் உண்டு. 1860-களில் பருத்தி பயிரிட அனுப்பப்பட்ட மார்மன்கள் குடியேறிய செயின்ட் ஜார்ஜ் வட்டாரத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அடிமைமுறை காலத்துத் தெற்கை நினைவூட்டுகிறது என்று அங்குள்ள பல்கலைக்கழகம் 2022-ல் டிக்ஸியை விட்டுவிட்டு யூட்டா டெக் ஆனபோது, இது எங்கள் மண்ணின் பெயர், அடிமைமுறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று உள்ளூரில் பலர் கடுமையாக எதிர்த்தார்கள்.