லூஜியாட்சுயி நாட்குறிப்பு: முறுக்கி எழுந்த ஷாங்காய் டவர்

2019 ஆகஸ்ட் 10

லெகிமா புயல் அதிகாலையில் தெற்கே கரை கடந்துவிட்டது. இங்கே ஷாங்காயின் நிதி வட்டாரமான லூஜியாட்சுயியில் ஓயாத மழை, காற்று. வீசாட் என்ற சீன அரட்டைச் செயலியில் ஒரு வீடியோ சுற்றுகிறது: ஷாங்காய் டவரின் 125-வது தளத்தில் தொங்கும் 1000 டன் எடை மெல்ல ஆடுகிறது. பார்த்த பலரும் பயந்துபோயிருக்கிறார்கள். எனக்கு நிம்மதிதான். கட்டடம் சாயும்போது அந்த எடை பின்தங்கி எதிர்ப்பக்கம் இழுக்கும். காந்தங்களுக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவே ஆட்டத்தின் சக்தி சூடாகிக் கரைந்துவிடும். அது ஆடினால்தான் கீழே வேலை பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றாது.

ஆகஸ்ட் 12

52-வது தளத்தில் துவோயுன் புத்தகக் கடையை இன்று திறந்துவிட்டார்கள். 239 மீட்டர் உயரத்தில்! முன்பதிவு கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 25

தெருவில் நின்று கழுத்து வலிக்கப் பார்த்தேன். 1999-ல் வந்த ஜின் மாவோ, 2008-ல் வந்த உலக நிதி மையம், பக்கத்திலேயே 2015-ல் முடிந்த இது: 632 மீட்டர், 128 தளங்கள். அடியில் இருப்பதோ ஆற்று வண்டல். நூற்றுக்கணக்கான பைல்களை, அதாவது அடித்தளத் தூண்களை, ஆழமாக இறக்கி, மேலே 6 மீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள்.

உயரத்தைவிட எனக்குப் பிடித்தது அந்த முறுக்கு. நேராக நிற்கும் கோபுரத்தில் காற்று இரண்டு பக்கமும் மாறி மாறிச் சுழன்று பிரியும். அந்தத் தாளம் கட்டடத்தின் சொந்த ஆட்டத்தோடு சேர்ந்துவிட்டால் தொல்லை. மேலே போகப்போக உருவம் திரும்பிக்கொண்டே இருந்தால் தாளம் கலைந்துவிடும். செயற்கையாகக் காற்றை வீசிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் மாதிரிகளை வைத்துப் பார்த்துத்தான் முறுக்கு 120 டிகிரி என்று முடிவு செய்தார்கள். காற்றின் சுமை 24 சதவீதம் குறைந்தது, அதனால் இரும்பும் மிச்சம்.

செப்டம்பர் 7

கடைசியில் புத்தகக் கடையில் இடம் கிடைத்தது. வெள்ளை அலமாரிகளுக்கு நடுவே ஒரு பாட்டி பேரனுக்குப் படம் காட்டிக்கொண்டிருந்தார். நான் புத்தகத்தை விட்டுவிட்டு இரண்டு கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவிலுள்ள வெளியைத்தான் பார்த்தேன். உள்சுவர் வட்டம், வெளிச்சுவர் முறுக்கிய முக்கோணம். வெளிச்சுவர் முழுக்க மேலேயுள்ள இயந்திரத் தளங்களிலிருந்து தொங்குகிறது. அதைத் தாங்கும் கம்பிகள் இவ்வளவு மெலிதா என்று இருந்தது! வளைந்த குழாய் ஒன்று சுவரோடு ஓடி, தளத்தை நோக்கிக் கை நீட்டிப் பிடித்திருக்கிறது.

சுவர்களுக்கு நடுவிலுள்ள இந்த வெளிகள்தான் தோட்டங்கள், இப்படி மொத்தம் 21. வாடகைக்கு விட்டிருந்தால் காசு பார்த்திருக்கலாம், இடம் வீண் என்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடை, அலுவலகம், ஓட்டல் எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டால் மட்டும் அது ஊராகிவிடாது. சும்மா உட்கார ஓர் இடம் வேண்டும்.

செப்டம்பர் 21

118-வது தளம். லிஃப்ட் நொடிக்கு 18 மீட்டர் வேகத்தில் ஏறியது, காது அடைத்ததோடு சரி. ஹுவாங்பூ ஆறு புகைமூட்டத்தில் மங்கலாகத் தெரிந்தது. ஓட்டலுக்கான தளங்கள் இன்னும் திறக்கவில்லை. அலுவலகத் தளங்களின் தோட்டங்களுக்குப் போக நுழைவு அட்டை கேட்கிறார்கள். அதில்தான் எனக்கு வருத்தம். வாரத்தில் ஒரு நாளாவது அவற்றை எல்லாருக்கும் திறந்துவிடலாம்.