நடையின் படபடப்பும் பயத்தின் படபடப்பும்

பருமனோடு பதற்றமும் உள்ளவர்களை நடக்க வைக்கும்போது முதலில் வரும் புகார் முழங்கால் வலி அல்ல. "நடந்தா நெஞ்சு படபடன்னு அடிக்குது, ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு" என்பதுதான். மூச்சு வாங்குவது, வியர்ப்பது, இதயம் வேகமெடுப்பது எல்லாமே பதற்றத்திலும் வருபவை. பாதியில் விடுபவர்களில் பலர் பயந்துதான் விடுகிறார்கள். பழியோ சோம்பேறித்தனத்தின் மேல் விழுகிறது.

அதனால் பிரஷர், சுகர், ஈசிஜி பார்த்துவிட்டுச் சிறிதாகத் தொடங்குகிறோம். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ மயக்கமோ வந்தால் அது பதற்றக் கணக்கில் சேராது. நேரே டாக்டரிடம் போக வேண்டும். முதல் வாரம் சமதரையில் காலை 10 நிமிடம், மாலை 10 நிமிடம். பேச வர வேண்டும், பாட வரக் கூடாது, அதுதான் வேகம். படபடப்பைக் குறைக்கத் தரும் புரோப்ரனலால் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் வாட்ச் காட்டும் துடிப்பை வைத்து வேகத்தைக் கணிக்க வேண்டாம், மாத்திரை துடிப்பையே குறைத்துவிடும். ஆறாவது வாரத்துக்குள் 30 நிமிடம், வாரம் 5 நாள் என்று வந்தால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடம் ஆகிவிடும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, 8 முதல் 10 முறை.

தொடை உரசிப் புண்ணாவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பேசாமல் வராமல் போய்விடுவார்கள். வாசலின் தடவி, தொடையை ஒட்டிப் பிடிக்கும் நீளமான உள்ளாடை போட்டால் தீர்ந்தது.

நடந்து முடித்ததும் 5 நிமிடம் மெதுநடை. துடிப்பு தானாக இறங்குவதை அவர்களே கவனிக்க வேண்டும். பயம் கரைவது பெரும்பாலும் இங்கேதான். பிறகு அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த தசைத் தளர்வுப் பயிற்சி. மல்லாந்து படுக்கச் சொல்லாதீர்கள்: வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும், மூச்சு முட்டும், பதற்றம் கூடும். தலையணை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தால் போதும். கையை முக்கால் பலத்தில் 5 விநாடி இறுக்கி, 20 விநாடி தளர்த்தி, அடுத்து தோள், வயிறு, தொடை, கெண்டைக்கால். கெண்டைக்காலுக்குக் கால்விரல்களை முகத்தை நோக்கி இழுக்க வேண்டும். கீழே நீட்டினால் தசை பிடித்துக்கொள்ளலாம். மூச்சை அடக்கக் கூடாது, பிரஷர் ஏறும். கண் மூடினால் கலவரமாகிறவர்கள் திறந்தே செய்யலாம். தினமும் நடுவிலேயே குறட்டை விட்டுத் தூங்கிப்போகிறவரைத் தூக்க மூச்சுத்திணறல் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

இனி, பருமனோடு சேர்ந்து உடலுக்குள் நீடிக்கும் மெல்லிய அழற்சிக்கு வருவோம். வயிற்றுக் கொழுப்பில் குவியும் மேக்ரோபேஜ் என்னும் நோய் எதிர்ப்பு செல்கள் டிஎன்எஃப்-ஆல்ஃபா, ஐஎல்-6 போன்ற அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரக்க, கல்லீரல் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதத்தைக் கூட்டுகிறது. அதை நுட்பமாக அளக்கும் ஹெச்எஸ்-சிஆர்பி ரத்தப் பரிசோதனையில் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் என்றால் அதிகம். 10-ஐத் தாண்டினால் சளி, காய்ச்சல், ஈறுவீக்கம் என்று வேறு ஏதாவது இருக்கலாம். இரண்டு வாரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும். கடும் பயிற்சிக்கு மறுநாள் ரத்தம் கொடுத்தாலும் கணக்கு தப்பும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். இடுப்பளவு குறையாமல் சிஆர்பி மட்டும் பெரிதாக இறங்கிவிடாது. தசைத் தளர்வே அதை இறக்கிவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

பதற்றம் அதற்கு முன்பே இறங்கத் தொடங்கும். பதற்றத்தை அளக்கும், ஏழு கேள்விகள் கொண்ட ஜிஏடி-7 கேள்வித்தாளை மாதம் ஒருமுறை நிரப்பச் சொல்கிறோம். மதிப்பெண் 10-க்குக் கீழே வரவில்லையென்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். வந்துவிட்டது என்பதற்காக, ஏற்கெனவே எடுக்கும் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தவும் கூடாது.